பதினேழாம் அலைவரிசையில் நன்றியுரை

என் அப்பா பாலேந்திராவும் அவருடைய தொழில் கூட்டாளி அந்தோனிதாசனும் நான்கு வருடங்களாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இந்த நான்கு வருடங்களில் இருவரும் சேர்ந்து நூற்றுப் பன்னிரண்டு கலியாணங்களுக்கு மணவறை போட்டிருக்கிறார்கள். இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்களுக்குப் பதில்: நடுவில் நான் நின்றேன்.

"கஜன், அவரிட்டைச் சொல்லு, ஏணியை இந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லி" என்பார் அப்பா. ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரே தாசன் மாமாதான். அப்பாவின் வாய்க்கும் அவருடைய காதுக்கும் இடையில் ஒரு மீட்டர் இருக்கும். ஆனாலும் அசையமாட்டார். நான் திரும்பி, "மாமா, ஏணியை இந்தப் பக்கம் பிடிக்கட்டாம்" என்ற பிறகுதான் பிடிப்பார்.

"கொப்பரிட்டைச் சொல்லு, இவ்வளவு நேரமும் அந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னது ஆரெண்டு."

அதையும் நான் திரும்பிச் சொல்ல வேண்டும். காதில் விழுவது வேறு, சொல்லப்படுவது வேறு. நான் சொல்லாதவரை எந்த வசவும் அமுலுக்கு வராது.

சண்டைக்குக் காரணம் ஒரு நன்றியுரை. டென்மார்க்கில் எங்கள் ஊரான ஹோர்சன்ஸில் நடந்த ஒரு தமிழ்ச் சங்க விழாவின் முடிவில் அப்பா நன்றி சொன்னார். ஒலிபெருக்கி தந்தவருக்கு, வடை சுட்டவர்களுக்கு, வடைக்கு உளுந்து ஊறப்போட்டவர்களுக்கு, மண்டபம் திறந்துவிட்ட டேனிஷ் காவலாளிக்கு, அவருடைய நாய்க்கு என்று பதினெட்டு நிமிடம் சொன்னார். இரண்டு நாள் நின்று மேடை கட்டிய அந்தோனிதாசனின் பெயர் வரவில்லை. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்பது அப்பாவின் வாதம். நாய் மட்டும் எப்படி ஒட்டாத தாளில் இருந்தது என்பது மாமாவின் வாதம். அன்று இரவே இருவரும் ஒருவர் தொலைபேசி எண்ணை மற்றவர் தடுத்து வைத்தார்கள்.

தொழிலைப் பிரிக்க முடியவில்லை. மணவறையைப் பிரித்தார்கள். கூரையும் திரையும் அப்பாவின் சாம்பல் நிற வான் வண்டியில். நான்கு தூண்களும் மாமாவின் நீல வான் வண்டியில். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஒரு கலியாணத்துக்கும் போக முடியாது. வெறுப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வருடம் மே மாதத்தில் எனக்குக் கோப்பன்ஹேகனில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்தது. காது கேட்காதவர்களுக்குக் கருவி செய்யும் நிறுவனம். இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை தொடங்க வேண்டும். கடிதத்தைக் காட்டினேன்.

"நீ போனால் அந்தாளோடை ஆர் கதைக்கிறது" என்றார் அப்பா.

தாசன் மாமாவிடம் போய்க் காட்டினேன். "நீ போனால் கொப்பரோடை ஆர் கதைக்கிறது" என்றார்.

நான்கு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விடயம், நான் போகக்கூடாது என்பது. அதையும் ஒருவர் சொன்னதாக மற்றவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

அம்மாவைக் கேட்டுப் பயனில்லை. அவர் பெயர் ஞானேஸ்வரி, முதியோர் இல்லத்தில் வேலை. சண்டை தொடங்கிய கிழமையே விலகிக்கொண்டவர். "கிழடுகளைக் கழுவித் துடைக்கிறது எனக்குக் கிழமையிலை அஞ்சு நாள். சனிக்கிழமையும் ஏலாது."

அப்போதுதான் ரேடியோ ஞாபகத்துக்கு வந்தது. லொறிக்காரர்கள் வாகனத்துக்கு வாகனம் பேசுவார்களே, சுருண்ட கம்பியில் தொங்கும் மைக், கூரையில் ஆடும் ஆன்டெனா, அது. சி.பி. என்பார்கள். தொலைபேசி என்றால் ஒருவர் மற்றவரை அழைக்க வேண்டும். யார் முதலில் அழைத்தது என்று தொலைபேசியிலேயே பதிவாகிவிடும். அந்த அவமானத்துக்கு இருவரும் தயாரில்லை. சி.பி.யில் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்திக் காற்றுக்குச் சொல்லலாம். கேட்பவர் கேட்கட்டும்.

"அப்ப நான் அந்தாளோடை கதைச்சதாய் இராது" என்றார் அப்பா, மெதுவாக.

"இல்லையப்பா. நீங்கள் காத்தோடைதான் கதைக்கிறீங்கள்."

"அவரும் என்னோடை கதைச்சதாய் இராது."

"இராது."

நிறைய யோசித்தார். பிறகு தீர்ப்பு வந்தது: பயிற்சிக்கு முந்தின சனிக்கிழமை கோல்டிங்கில் ஒரு கலியாணம். நான் நடுவில் ஒரு சொல்லும் பேசாமல் இரண்டு வான்களும் போய்ச் சேர்ந்து மணவறை எழும்பினால், நான் திங்கட்கிழமை போகலாம். ஒரு சொல் பேசினாலும் ஹோர்சன்ஸிலேயே கிடக்க வேண்டும். மாமாவும் அதற்குச் சம்மதம் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

ஹெடன்ஸ்டெட்டில் ஓய்வுபெற்ற ஒரு லொறிக்காரரிடம் பழைய ரேடியோ இரண்டும் ஒரு சின்னக் கை ரேடியோவும் வாங்கினேன். கை ரேடியோ எனக்கு. அதிலும் பேசலாம், ஆனால் எனக்குக் கேட்க மட்டும் அனுமதி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு வான்களையும் ஒன்றுக்கொன்று முதுகு காட்ட நிறுத்தினார்கள்.

பற்றறியிலிருந்து நேராக வயர் இழுத்து, பியூஸ் போட்டு, எஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையத் துவாரம் வழியே உள்ளே எடுத்தேன். ரேடியோவை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் திருகினேன். இதுவரை சண்டையில்லை. சண்டை கூரையில் தொடங்கியது. ஆன்டெனாவின் அடியில் காந்தம் இருக்கிறது. தகரக் கூரையின் நடுவில் வைத்தால் கவ்விக்கொள்ளும். மாமா அதற்குக் கீழே நான்காய் மடித்த கம்பளித் துண்டை வைத்திருந்தார்.

"பெயின்ற் கீறும்" என்றார்.

"ஓடேக்கை ஆன்டெனா பறக்கும், மாமா."

"கொப்பற்றை பறக்குமோ?"

"அவர் துண்டு வைக்கேல்லை."

துண்டை எடுத்தார்.

அடுத்தது அளவு. அனுப்புகிற சக்தியில் எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்ட ஒரு சின்ன மீட்டர் உண்டு. திரும்பி வருவது கூடினால் ரேடியோ எரிந்துபோகும். முள் கீழே இறங்கும்வரை ஆன்டெனாக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு வாகனத்துக்கும் அளவு வேறு. மாமாவுடையது சரியாக இருந்தது. அப்பாவுடையதை ஒன்றரைச் சென்டிமீட்டர் குறைக்க வேண்டி வந்தது.

"அவரின்ரை உயரமாய் நிக்குது" என்றார் அப்பா.

"இது விஞ்ஞானம், அப்பா."

"விஞ்ஞானம் அவருக்கு மட்டும் உயருமோ?"

மாமா தன் வானுக்குள்ளிருந்து மடக்கு அளவுகோலை எடுத்துவந்து, யாரும் கேட்காமலே, இரண்டு ஆன்டெனாக்களையும் அளந்தார். எண்ணை உரக்க வாசித்தார், காற்றுக்கு. நான் உள்ளே போய் ஒரு பிங்பொங் பந்தை எடுத்துவந்து அப்பாவின் ஆன்டெனா உச்சியில் குத்தினேன். இப்போது அப்பாவுடையது இரண்டரைச் சென்டிமீட்டர் கூடுதல் உயரம். மாமா வீட்டுக்குப் போக வெளிக்கிட்டார். இன்னொரு பந்தைப் பாதியாக வெட்டி அவருடையதில் குத்தினேன். வித்தியாசம் அரைச் சென்டிமீட்டர் என்று நினைக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை. மாமா கவனித்தார்.

மறுநாள் காலையில் அப்பாவின் மீட்டர் முள் சிவப்பில் கிடந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். ஆன்டெனாவுக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, அடியிலிருந்து நுனிவரை சரிகை மாலை சுற்றியிருந்தது. சரிகை உலோகம். ஆன்டெனாவுக்கு அது கழுத்தில் கயிறு.

"கழட்டுங்கோ அப்பா."

"சாமிக்குப் போட்டது."

"சாமிக்குப் போடேல்லை. ஆன்டெனாவுக்குப் போட்டிருக்கிறீங்கள்."

மாலை முன்கண்ணாடிக்கு இடம்மாறியது. முள் இறங்கியது. சந்தனம் இருக்கட்டும் என்று விட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். முகூர்த்தம் பதினொன்றுக்கு, மணவறை கட்ட மூன்று மணி நேரம் வேண்டும். யார் முன்னால் போவது என்பது நான்கு வருடத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது: கலியாணத்துக்குக் கலியாணம் மாற்றி மாற்றி. இன்று மாமா முன்னால், அப்பா அவருக்குப் பின்னால். மூன்றாவதாக அம்மாவின் சின்னக் காரில் அம்மாவும் நானும். அம்மா ஓட்டினார். என் மடியில் கை ரேடியோ, பதினேழாம் அலைவரிசையில்.

முதல் பத்து நிமிடம் இரைச்சல் மட்டும். பிறகு அப்பாவின் குரல் வந்தது.

"ஹலோ. ஆரும் கேக்கினமோ தெரியாது. முன்னாலை போற நீல வான் கொஞ்சம் வேகமாய் ஓடினால் நல்லது."

நீல வான் மெதுவாகியது.

"காத்திலை ஆரோ புலம்பினம்" என்றது மாமாவின் குரல். "மனசுக்கு ஏலாத ஆக்கள் போலை."

காற்றுக்குச் சொல்வதில் ஒரு குறை இருக்கிறது என்று இருவரும் கண்டுபிடித்தார்கள்: காற்று யாரிடமும் திரும்பிச் சொல்லாது. அவர்களுடைய பழக்கத்துக்கு ஒரு முகம் வேண்டும்.

"கஜன்" என்றார் அப்பா. "நீ கேட்டுக்கொண்டிருப்பாய். பதில் சொல்லாதை, சொன்னால் கோப்பன்ஹேகன் இல்லை. சும்மா கேள். அவரிட்டைச் சொல்லு, உந்த ஓட்டத்துக்கு மாட்டு வண்டில் வாங்கியிருக்கலாமெண்டு."

"கஜன்" என்றார் மாமா. "கொப்பரிட்டைச் சொல்லு, மாடு ஆரெண்டு கண்ணாடியிலை பின்னாலை பார்க்கத் தெரியுது எண்டு."

அம்மா கண்ணாடியைத் துடைக்கும் தண்ணீரைத் தேவையில்லாமல் அடித்தார். "நீ கோப்பன்ஹேகனுக்குப் போனாலும் உன்ரை பேர் இஞ்சைதான் கிடந்து அழுந்தும்."

வைலே பாலத்தில் ஏறியபோது காற்று பக்கவாட்டில் அடித்தது. கடல்நீர் அடியில் வெகு ஆழத்தில். வலது ஓரத்தில் ஒரு பன்றி லொறி ஏறிக்கொண்டிருந்தது. தகரத் துவாரங்களில் இளஞ்சிவப்பு மூக்குகள். நாங்கள் அதைக் கடந்தபோது அம்மாதான் முதலில் பார்த்தார்.

"டேய். தாசன் அண்ணையின்ரை கதவு."

நீல வானின் பின்கதவு ஒன்று திறந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நான்கு தூண்கள். வெளியே பொன்னிறப் பூச்சும் இலேசான ரெஜிஃபோம் நுரைப்பலகையும், ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆளுயர இரும்புக் குழாய். ஒன்று ஏற்கெனவே அரை மீட்டர் வெளியே எட்டிப் பார்த்தது. அதற்கு நேர் பின்னால் அப்பா. அப்பாவுக்குப் பின்னால் நாங்கள்.

அப்பாவும் பார்த்துவிட்டார். பொத்தானை அழுத்தினார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக நேரே கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"கஜன். அவரிட்டைச் சொல்லு, பின்கதவு திறந்து கிடக்கு, தூண் விழப்போகுது எண்டு."

நீல வான் அதே வேகத்தில் போனது. மாமாவுக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்த கணத்தில் அவருடைய குரல் வந்தது. தெளிவாகக் கேட்டிருக்கிறது.

"கஜன், கொப்பரிட்டைச் சொல்லு. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"கஜன், தூண் வெளியாலை வருது எண்டு சொல்லு."

"என்னட்டைச் சொல்ல வேண்டியவன் சொல்லேல்லை. நான் எப்பிடி நிப்பாட்டுறது?"

தூண் இன்னும் ஒரு சாண் நகர்ந்தது. அம்மா வேகத்தைக் குறைத்தார். "கதையன்" என்றார்.

"கதைச்சால் நான் போகேலாது."

"கொப்பர் போய்ச் சேருவார்."

அம்மா கோல்டிங்கைச் சொல்லவில்லை.

நான் ரேடியோவைக் கையில் எடுத்தேன். கஜன் பேசினால் கோப்பன்ஹேகன் இல்லை. பேசாவிட்டால் அப்பா இல்லை. பக்கக் கண்ணாடியில் பன்றி லொறி தெரிந்தது. பகுதிநேரமாக நான் வேலை செய்யும் கடையில் சீஸ் அடுக்கும் மேற்கு யூலண்ட் கிராமத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு சொல்லையும் உருளைக்கிழங்கு மென்றுகொண்டு பேசுவது போலப் பேசுவார். ஜாக்கெட்டின் கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அவருடைய டேனிஷில், பொத்தானை அழுத்தினேன்.

"ஏய், நீல வான். உன் பின்கதவு திறந்து கிடக்கிறது. தங்கக் குழாய் ஒன்று வெளியே வருகிறது. ஓரமாக நிறுத்து, மனுசா."

இரைச்சல். பிறகு மாமா தொழிற்சாலையில் வேலைசெய்து கற்ற டேனிஷில்: "யார் பேசுவது?"

"ஃப்ளெமிங். பன்றி ஏற்றிப் போகிறேன்."

நீல வானின் இடது சிக்னல், பிறகு அவசரமாக வலது சிக்னல் எரிந்தது. பாலம் முடிந்ததும் அவசர ஓரத்தில் நின்றது. அப்பாவும் அதற்குப் பின்னால் நிறுத்தினார். அம்மா தாண்டிப் போய் அடுத்த தரிப்பிடத்தில் காரை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் இரண்டு பேரும் தூணின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். இருவரும் வெவ்வேறு திசையில் முகத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள்.

"உன்ரை டேனிஷ் சரியில்லை" என்றார் அம்மா. "பண்டி ஏத்திறவன் இவ்வளவு மரியாதையாய்க் கதைக்கமாட்டான்."

இரண்டு வான்களும் எங்களைக் கடந்ததும் பின்தொடர்ந்தோம். முடிந்தது என்று நினைத்தேன். ரேடியோ கொரகொரத்தது. தாசன் மாமா தொண்டையைச் செருமினார். மேடையில் ஏறுகிறவர் செருமும் செருமல் அது. பிறகு டேனிஷில் தொடங்கினார்.

"அன்புள்ள ஃப்ளெமிங். இந்த நேரத்தில் நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். முதலில் உங்களுக்கு நன்றி. உங்கள் கண்களுக்கு நன்றி. உங்கள் லொறி முதலாளிக்கு நன்றி. பாலத்தைக் கட்டியவர்களுக்கு நன்றி. அவசர ஓரம் போட்ட அரசாங்கத்துக்கு நன்றி. இதைவிடப் பலமாக அடிக்காத காற்றுக்கு நன்றி. உங்களோடு பயணம் செய்யும் பன்றிகளுக்கு நன்றி, ஒவ்வொன்றுக்கும்."

நான்கு நிமிடம் போனது. மாமாவுக்குத் தெரிந்த டேனிஷ் முழுவதும் செலவானது. நிறுத்தினார்.

அப்பாவால் தாங்க முடியவில்லை. "ஃப்ளெமிங்" என்றார், அவரும் டேனிஷில். "அவரிடம் சொல். கதவை முதலில் பார்த்தவன் நான். இரும்பின் மற்ற முனையைத் தூக்கியவன் நான்."

என்ன செய்வது, ஃப்ளெமிங் சொன்னான். "நீல வான், பின்னால் வருபவர் தானும் பார்த்ததாகச் சொல்கிறார்."

"ஃப்ளெமிங்" என்றார் மாமா, மிக அமைதியாக. "அவரிடம் சொல். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டுவிட்டன."

அம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைக்கப் போனார். நான் தடுத்தேன்.

அதன் பிறகு கோல்டிங்வரை நடந்ததை முழுதாக எழுதமுடியாது. டேனிஷில் அவர்களுக்கு வசவு அதிகம் தெரியாது. தொழிற்சாலையில் கற்றது ஏழோ எட்டோதான். அதையே திரும்பத் திரும்ப ஃப்ளெமிங்கிடம் கொடுத்தனுப்பினார்கள். நாய், நன்றி, தாள், மேடை, நான்கு வருடம். ஒரு பன்றி லொறிக்காரனுக்கு இவ்வளவு சரித்திரம் தெரியவேண்டியதில்லை. கடைசித் திருப்பத்தில் ஃப்ளெமிங், பன்றிகள் களைத்துவிட்டன, நான் இறங்குகிறேன் என்று சொல்லி விடைபெற்றான்.

மண்டபத்து முற்றத்தில் வான்கள் நின்றன. அம்மா பலகாரப் பெட்டியோடு சமையலறைக்குப் போய்விட்டார். அப்பா கூரையை இறக்கினார், மாமா தூண்களை இறக்கினார். எட்டரை மணிக்கு முற்றத்திலேயே தூண்கள் நிமிர்ந்தன. ஒன்பதரைக்கு, என் சொல் ஒன்றும் தேவைப்படாமலே, கூரை ஏறியது. கடைசித் திருகைப் போட்ட கையோடு தாசன் மாமா என் பக்கம் வந்தார். என் முகத்தை அவர் பார்த்த விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

"கஜன்" என்றார், முற்றம் முழுவதும் கேட்க. "கொப்பரிட்டைச் சொல்லு. ஃப்ளெமிங் எண்டு ஒருத்தரும் இல்லை. பண்டியும் இல்லை. அது உன்ரை குரல். கதைச்சதுக்கு நீ ஹோர்சன்ஸிலைதான் கிடக்கவேணும். சொல்லு."

அப்பா இரண்டு மீட்டர் தள்ளி ஏணியில் நின்றார். கை அந்தரத்தில் நின்றது. முழுவதும் கேட்டிருக்கிறது. ஆனால் இன்னும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. என் மேல் வந்த குற்றப்பத்திரிகையை நானே வாசித்துக் காட்டவேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

நான் கீழே கிடந்த ஒரு திருகாணியைப் பொறுக்கினேன்.

அப்பா ஏணியிலிருந்து ஒரு படி இறங்கினார். என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்க்கவில்லை.

"என்னவாம்?" என்றார். "அவர் என்ன சொல்லச் சொன்னவர்?"

மாமா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் முகத்தில் நான்கு வருடத்தில் நான் காணாத திருப்தி.

"நன்றி சொல்லச் சொன்னவர், அப்பா" என்றேன். "கதவைப் பார்த்ததுக்கும் தூணைத் தூக்கினதுக்கும். வழியிலை உங்கடை பேர் விடுபட்டுப்போச்சாம். மன்னிக்கட்டாம்."

மாமாவின் வாய் திறந்தது. அது பொய் என்று சொல்ல அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து, அப்பாவிடம், தானே சொல்வது. ஒரு சத்தம் வந்ததாகக்கூட ஞாபகம். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

அப்பா நிதானமாக மேலே ஏறினார். திரையின் மடிப்பைச் சரிசெய்தார்.

"அவரிட்டைச் சொல்லு" என்றார், திரும்பாமல். "ஏற்றுக்கொண்டன் எண்டு. பிறகு, அந்த ரேடியோ நல்லாய் வேலை செய்யுது. திங்கட்கிழமை ரயில் எத்தினை மணிக்கு?"

"ஆறு நாற்பதுக்கு அப்பா."

தாசன் மாமா நீல வானை நோக்கி நடந்தார். போகிற வழியில் அப்பாவின் வானுக்குப் பக்கத்தில் நின்று, எம்பி, ஆன்டெனாவை வளைத்து, உச்சியிலிருந்த பிங்பொங் பந்தைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.